தெலுக் ஆயர் தெருவைக் கடலிலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டும் தமிழ் வழிகாட்டிகளுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து வந்த உறவினர்களோடு நானும் ஒருநாள் சுற்றுலாக் குழுவில் ஒட்டிக்கொண்டேன். தெலுக் ஆயர் தெருவிலுள்ள தியான் ஹொக் கெங் கோயில் வாசலில் பேருந்து நின்றதும் வழிகாட்டி சொன்னார்: "சைனீஸ் புத்தர் கோயில். பத்து நிமிஷம். போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க." என் சித்தி உள்ளே போய்ப் புத்தரைத் தேடினார். கருவறையில் இருந்ததோ ஓர் அம்மன்.

கடலோடிகளைக் காக்கும் மாட்சு அவள். ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் மா சோ போ என்பார்கள். இன்று எதிரே கட்டடமாக நிற்பதெல்லாம் அன்று கடல், தெருதான் கரை. சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்மரக் கப்பலில் வந்தவர்கள், இறங்கியதும் ஊதுபத்தி கொளுத்தி அவளுக்கு நன்றி சொன்ன இடம். முதலில் சின்னக் கோயில்தான். இப்போதிருப்பதை 1839இல் தொடங்கி 1842இல் முடித்தார்கள்.

நடுவில், 1840 ஏப்ரலில், சீனாவிலிருந்து வந்த அம்மன் சிலையை ஊர்வலமாக எடுத்து வந்தார்களே, அதைச் சொல்லுங்களேன்! ஊர்வலத்தின் நீளம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். சேகண்டி முழக்கம், கலர் கலராகக் கொடிகள். அம்மன் மஞ்சள் பட்டுப் பல்லக்கில்; சுற்றிலும் அதே மஞ்சளில் சட்டை போட்ட காவலர்கள். ஆனால் கூட்டத்தின் கண்ணெல்லாம் சிறுமிகள் மேல்தான். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளைச் சிங்காரித்து, அலங்கார மேடைகளில் உயரத் தூக்கி வந்தார்கள். விழாமல் தாங்க உடைக்குள்ளே இரும்புக் கம்பி. வேடிக்கை பார்க்க வந்த ஆங்கிலப் பத்திரிகைக்காரர் அதையும் கவனித்து எழுதிவிட்டார், பாருங்கள்.

அதே தெருவில் நம்மவர்களும் இருந்தார்கள். 1827இல் குச்சுப் பள்ளி என்ற பள்ளிவாசல் வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள், நாகூர் ஆண்டவர் நினைவாக 1830க்குள் தர்காவும் எழுப்பினார்கள். சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டவர் கண்ணாடியை வீசியெறிய, அது மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையைப் போய் அடைத்த கதை உங்களுக்குத் தெரியாததா? மாட்சுவும் கடலில் தத்தளித்த தன் வீட்டாரைத் தூக்கத்திலேயே காப்பாற்றியவள் என்பார்கள். கப்பலேறி வந்தவன் சீனனோ தமிழனோ, பயம் ஒன்றுதானே. இரண்டு கதையையும் தமிழில் அடுத்தடுத்துச் சொல்ல உங்களை விட்டால் யார்?

கோயிலின் இரும்புக் கம்பிவேலி கிளாஸ்கோவிலிருந்து வந்தது, 1907இல் சீனப் பேரரசர் எழுத்துப் பலகை அனுப்பினார் என்பதையெல்லாம் நேரமிருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பேருந்தைத் தர்கா முனையில் நிறுத்தி, அங்கிருந்து கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போங்கள். அப்புறம், கோயில் நிலைப்படி ரொம்ப உயரம். மிதிக்காமல் தாண்டித்தான் போக வேண்டும். சித்தி மாதிரி முழங்கால் வலிக்காரர்களுக்குக் கொஞ்சம் கை கொடுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூர்வாசி ஒருவன்