ஓசு கோட்டையும் நம் தரங்கம்பாடியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். லபாடி கடற்கரை, சுதந்திர வளைவு, வறுத்த மீனும் புளித்த சோளமாவு உருண்டையும் என்று எல்லாம் இருந்தன. ஓசு கோட்டைக்கு மட்டும் ஒரே வரி: கடலோரத்தில் ஓர் அழகான வெள்ளைக் கோட்டை. பொறையாற்றில் பிறந்து, அருகிலேயே முப்பது ஆண்டுகள் வரலாற்றுப் பாடம் நடத்திய என்னால் அந்த வரியோடு விட முடியவில்லை.

சென்ற ஆண்டு அங்கே மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஜேம்ஸ்டவுன் கடற்கரைக்குப் போனோம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கலங்கரை விளக்கம். ஒரே மரத்தைக் குடைந்து செய்த நீளமான படகுகள் வரிசையாகக் கரையேறிக் கிடந்தன. செவ்வாயன்று இங்குள்ள "கா" என்ற இனத்து மீனவர்கள் வலை வீசுவதில்லை. அன்று கடலுக்கு ஓய்வு. ஒரு பெரியவர் மணலில் காலை நீட்டி, வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். தரங்கம்பாடிக் கடற்கரையில் எத்தனையோ முறை பார்த்த அதே இருப்பு, அதே கை. பெண்கள் மண்ணடுப்பில் மீனைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வீடு வரை என் புடவையில் வந்தது.

அதே கரையோரம் கிழக்கே சிறிது தூரத்தில் ஓசு. கோட்டை வாசலில் நின்றதும் என் பேரன், "அம்மாச்சி, நம் ஊர் டேனிஷ் கோட்டை மாதிரி இருக்கிறதே!" என்றான். பத்து வயதுப் பிள்ளை சரியாகத்தான் சொன்னான். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய டென்மார்க்காரர்கள், சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து இங்கேயும் வந்து ஒன்றை எழுப்பி, தங்கள் மறைந்த அரசர் நான்காம் கிறிஸ்டியன் பெயரால் கிறிஸ்டியன்ஸ்போர்க் என்று அழைத்தார்கள். தரங்கம்பாடியை 1845-இலும் இதை 1850-இலும் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். இடையில் 1693-இல் அக்வாமு மக்களின் தலைவன் அஸமேனி தந்திரமாக உள்ளே புகுந்து கோட்டையைப் பிடித்து ஓராண்டு ஆண்டிருக்கிறான். பொன் வாங்கிக்கொண்டு கோட்டையைத் திருப்பிக் கொடுத்தவன் சாவிகளைக் கொடுக்கவில்லை. அவை இன்றும் அக்வாமு மக்களிடம் இருக்கின்றன. இதைக் கேட்டதும் எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அடுத்து நிலவறைக்குள் இறங்கினோம். தாழ்ந்த கூரை, இருட்டு, ஈரம். சுவருக்கு அந்தப் பக்கம் அலை மோதுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இங்கே அடைத்து வைத்த மனிதர்களைத்தான் கப்பலேற்றி, கரீபியனில் டென்மார்க்குக்குச் சொந்தமான தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு போனார்கள். அவர்களுக்கு விலையாக என்ன கொடுத்தார்கள் என்று வழிகாட்டி விரல்விட்டுச் சொன்னார்: துப்பாக்கி, வெடிமருந்து, சாராயம், இந்தியத் துணி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நம் சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் ஏற்றிய பருத்தித் துணி டேனிஷ் கப்பல்களில் கோபன்ஹேகனுக்குப் போய், அங்கிருந்து இந்தக் கரைக்கும் வந்து இறங்கியது. தறியில் உட்கார்ந்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் மாணவர்களை டான்ஸ்போர்க் கோட்டைக்கு அழைத்துப் போவேன். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியதையும், தமிழில் அச்சடித்ததையும் ஆசையாகச் சொல்வேன். கீழ்த்தளத்துக் கிடங்கு அறைகளை மட்டும் "இங்கே சரக்கு வைத்திருந்தார்கள்" என்று கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தச் சரக்கு எங்கே போனது என்று நானும் சொன்னதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை.

டென்மார்க் அரசு 1792-இல் அடிமை வணிகத்தைத் தடை செய்து ஆணையிட்டது. அது நடைமுறைக்கு வந்தது 1803-இல். அதற்கும் முன்பு நூறாண்டுகளுக்கு மேல் அந்த வணிகம் நடந்திருக்கிறது.

அக்ரா போகும் நம்மவர்களுக்கு என் வேண்டுகோள்: ஓசு கோட்டைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் நிலவறைக்குள்ளும் இறங்குங்கள். டான்ஸ்போர்க் கோட்டையைப் பராமரிப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கிறிஸ்டியன்ஸ்போர்க்கின் படத்தோடு, இங்கிருந்து போன துணி அங்கே எதற்கு விலையானது என்று தமிழில் நாலு வரி எழுதிய ஒரு பலகை அந்தக் கிடங்கு அறைகளின் அருகே இருக்க வேண்டும். எழுதித் தரச் சொன்னால் நானே எழுதித் தருகிறேன்.

என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட பாடம் இது. உங்கள் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போகும்போது சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
பொறையாறு.