காயம் காலில், பட்டி ஏன் கையில்? வன்னிக் கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியின் கமக்காரர் அமைப்புகளின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஒரு தாதி. வன்னியில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் வேலை. அதற்கு முதல் ஒரு கமக்காரரின் மகள். உர மானியத்தைப் பற்றியோ நெல் விலையைப் பற்றியோ இதை எழுதவில்லை. அவற்றை எங்கே, யாரிடம் கேட்பதென்று உங்களுக்குத் தெரியும். உங்களிடம் ஒரு மணித்தியாலம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

போன காலபோக நெற்செய்கைத் தொடக்கத்தில் ஒரு ஐயா வந்தார். மண்வெட்டி பட்டுப் பெருவிரலடியில் வெட்டு. காலைச் சொப்பின் பையால் கட்டிக்கொண்டு மகனின் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். சேற்றைக் கழுவி, மருந்து கட்டி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட்டாயிற்று. சரி, இவ்வளவு தூரம் வந்த மனிதர்தானே என்று பிரசர் பார்க்கிற பட்டியைக் கையில் சுற்றினேன்.

"பிள்ளை, காயம் காலில. கையில ஏன் பட்டி சுத்துறாய்?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அளவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. 190க்கு 110. நோவிலும் பயத்திலும் கூடியிருக்கலாம் என்று கொஞ்ச நேரம் இருக்கவைத்துத் திரும்பப் பார்த்தேன். பெரிதாக இறங்கவில்லை. தலையிடி இல்லை, தலைச்சுற்று இல்லை, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றார். வயது 52. கடைசியாக எப்போது பிரசர் பார்த்தீர்கள் என்று கேட்டேன். மகனின் முகத்தைப் பார்த்தார். மகனுக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு மனதில் ஓடுகிறது. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் அதன் கையில் முதலில் காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி. பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண்பிள்ளைக்கு நீலம் என்று ஒரு வளர்ச்சிப் பதிவேடு. 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்க்கு ஒரே ஊசி, 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு எம்.எம்.ஆர். மிட்வைஃப் அக்கா மாதாமாதம் நிறை பார்த்துக் கோடு கீறுவார். கோடு கீழே சரிந்தால் படலை திறந்து வீட்டுக்கே வந்துவிடுவார். அடுப்படியில் என்ன கறி என்றுகூடப் பார்ப்பார். பள்ளிக்கூடம் போனால் தரம் 1, 4, 7, 10 இல் வைத்தியப் பரிசோதனை. தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, 2017 முதல். பிறகு அவள் தாயாகும்போது கர்ப்பவதிகள் கிளினிக், 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்.

ஆண்பிள்ளை? தரம் 10 பரிசோதனையோடு எங்கள் கொப்பிகளிலிருந்து அவன் காணாமற்போகிறான். பதினைந்து வயதில் போனவன் ஐம்பதில் திரும்பி வருகிறான். அதுவும் தானாக வருவதில்லை, நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

என் அப்பாவும் அப்படித்தான் வந்தார். நான் தாதியர் பயிற்சியில் இரண்டாம் வருடம். வயலில் சேற்றைச் சமப்படுத்தப் பலகை அடிக்கும்போது வரம்பில் இருந்துவிட்டாராம். களைப்பு என்று நினைத்து அம்மா பிளேன்ரீ கொடுத்திருக்கிறா. தேத்தண்ணி கடைவாயால் வழிந்த பிறகுதான் விளங்கியிருக்கிறது. பாரிசவாதம். அதற்குப் பிறகு ஆறு வருடம் வலக்கையால் இடக்கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தார். பிரசர் குளிசை ஆஸ்பத்திரியில் இலவசம். யாரும் அவருடைய கையில் ஒருமுறைகூடப் பட்டி சுற்றியிருக்கவில்லை. இது நான் கோபத்தில் சொல்வதில்லை. அவர் கேட்கவில்லை, நாங்களும் போகவில்லை.

35 வயது கடந்த எவரும் வந்து பிரசர், சீனி, கொழுப்பு, நிறை பார்த்துப் போவதற்கென்று ஆரோக்கிய வாழ்வுக் கிளினிக்குகள் நாடு முழுக்க இருக்கின்றன. வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களின் வாயையும் திறந்து பார்ப்போம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான். வருத்தம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது எங்களூரில் கலியாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் போகிற மாதிரி. அதோடு கிளினிக் நடப்பது வேலைநாள் காலையில், வெறும் வயிற்றோடு வரவேண்டும். தண்ணீர் முறை விழுந்திருக்கிற நாளில் எந்தக் கமக்காரன் வயலை விட்டுவிட்டு வருவான்? அந்தக் குறை எங்களுடையது. நேரத்தை நாங்கள் எங்கள் வசதிக்குத்தான் வைத்திருக்கிறோம்.

தடுப்பு வேலை பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு வன்னியிலேயே பதில் இருக்கிறது. மலேரியா வராத வீடு அன்று எது? பாயில் கிடந்து நடுங்கியவர்கள் இன்று அமைப்புக் கூட்டத்தில் முன் வரிசையில் இருக்கிறீர்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. பெரிய ஆஸ்பத்திரிகள் கட்டி அதை விரட்டவில்லை. வீடு வீடாகப் போய், இரத்தம் குத்தி எடுத்து, மருந்து அடித்து, வலை கொடுத்துத்தான் விரட்டினார்கள். நீங்களும் படலையைத் திறந்துவிட்டீர்கள்.

இப்போதைய வருத்தங்களுக்கு நடுக்கம் கிடையாது, அதுதான் சிக்கல். சீனி கூடினால் காலில் உணர்வு மெல்ல மெல்லக் குறையும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெறுங்காலோடு நடந்து போய், கொப்புளம் உடைந்தது தெரியாமல், ஒரு கிழமை கழித்து மணம் வந்த பிறகு வருகிறார்கள். நேர்த்தியை விடச் சொல்லவில்லை. நடந்து முடிந்த அன்றிரவே பாதத்தையும் விரலிடுக்கையும் ஒருவரைக் கொண்டு ரோர்ச் அடித்துப் பார்ப்பியுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

சிறுநீரக வருத்தத்தைப் பற்றி வவுனியாப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீரா, வெயிலா, பயிருக்கு அடிக்கிற மருந்தா என்று காரணம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் ஒன்றை நான் தினமும் காண்கிறேன். நாரிநோவுக்குக் கடையில் வாங்கி, பெயரும் தெரியாமல், நிறத்தைச் சொல்லிப் போடுகிற நோவுக் குளிசை. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் நின்றுவிட்டு அதைப் போட்டால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. அந்தக் குளிசைக் கடதாசியைக் கொண்டுவந்து காட்டுங்கள். நாங்கள் ஏச மாட்டோம். (சரி, கொஞ்சம் ஏசுவோம்.)

எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க விதைப்புக் காலத்தில் டொக்சிசைக்கிளின் குளிசை சுகாதாரப் பகுதியால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. 2024 டிசம்பரில் வடமராட்சியில் அந்தக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். குளிசையை வாங்கிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தபடியே சேட்டைத் தோய்த்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் உங்கள் பட்டியலிலேயே இருக்காது. 2009 போருக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே இயங்காமல் வீட்டோடு இருப்பவர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை புரட்டிவிட்டால் படுக்கைப்புண் பெரும்பாலும் வராது. வந்தால் மாதக்கணக்கில் ஆறாது. புரட்டுவது எப்படி, எந்த எலும்பு முனையில் தோல் சிவக்கிறதென்று பார்ப்பது எப்படி என்று வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொடுக்க எங்களுக்கு அரை மணித்தியாலம் போதும். யாருடைய வீட்டில் என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

இனி நான் கேட்பது. காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு ஆண்கள் தவறாமல் வருவீர்கள். எத்தனை ஏக்கர், எப்போது தண்ணீர் திறப்பு என்று முடிவெடுக்கிற கூட்டம், வராமல் இருக்க முடியாது. அந்த நாளில் பொதுநோக்கு மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேசையும் மூன்று கதிரையும் தாருங்கள். கூட்டம் தொடங்க முந்திய ஒரு மணித்தியாலம் எங்களுக்கு. நாங்கள் பிரசர் கருவியும் தராசும் சீனி பார்க்கிற கருவியும் கொண்டு வருகிறோம். இரண்டு முறை பார்த்தும் 140/90க்கு மேல் நின்றால் ஒரு துண்டு எழுதித் தருவோம். அதைக் கொண்டு வருகிறவரை வரிசையில் காக்கவைக்காமல் பார்க்க நாங்கள் ஒழுங்கு செய்ய வேண்டும். அதற்கான அனுமதியை எங்கள் பொறுப்பு வைத்தியரிடம் நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். உங்கள் ஊர்களில் செய்வதென்றால் செயலாளர் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

தலைவர் முதலில் கையை நீட்டவேண்டும். அவர் நீட்டாமல் மற்றவர்கள் நீட்டமாட்டார்கள்.

மண்வெட்டி பட்ட அந்த ஐயா இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். போன முறை 138க்கு 86. காயம் எப்போதோ ஆறிவிட்டது. வந்ததும் காலை நீட்டிக் காட்டிவிட்டு, பிறகுதான் கையைத் தருகிறார்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரின் மகள்,
பிரதேச வைத்தியசாலைத் தாதி ஒருத்தி