உலாவியின் கதவைச் சாத்திவிடாதீர்கள்

தமிழில் இணையக் கலந்துரையாடல் களங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கும் மட்டுறுத்துநர்களுக்கும்,

வணக்கம்.

பத்து வருடத்துக்கும் மேலாக நான் வாசித்துவரும், அவ்வப்போது எழுதியும் வரும் ஒரு மாடித்தோட்டக் களத்தில் சென்ற மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. இணையதளத்தைப் படிப்படியாக நிறுத்தப்போகிறார்கள், இனி எல்லாம் செல்பேசிச் செயலியில்தான். களத்தின் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. கைக்காசு போட்டு, தூக்கம் கெட்டு நடத்துகிறவர்கள் அவர்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இன்னும் சில களங்களும் இதே பாதையில் போவதைப் பார்க்கிறேன். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

செயலியே கூடாது என்பதல்ல என் கட்சி. நானும் வைத்திருக்கிறேன். காலையில் மாடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது கத்தரி இலையில் ஏதோ புள்ளி தெரிந்தால், நின்ற இடத்திலேயே படம் எடுத்து இரண்டு வரி எழுதிப் போட்டுவிடலாம். யாராவது பதில் எழுதினால் உடனே தெரியும். இணையத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முகவரியைத் தட்டச்சு செய்வதைவிட ஒரு சின்னத்தைத் தொடுவது சுலபம். இதெல்லாம் உண்மையான வசதிகள்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: செயலியில் படிக்கக் கிடைக்கிற பொது இழை (ஒரு கேள்வியும் அதன் கீழ் வரும் பதில்களும்) எதுவானாலும், ஒரு சுட்டியைத் தட்டியதும் குரோம் போன்ற உலாவியிலும் திறக்க வேண்டும். கணக்குத் தொடங்காமல், எதையும் நிறுவாமல், முழுதாகத் திறக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன்.

மணப்பாறையில் இருக்கும் அக்கா கூப்பிட்டார். செம்பருத்தியின் குருத்தெல்லாம் பஞ்சு அப்பியதுபோல வெள்ளையாக இருக்கிறது, வேப்பெண்ணெய் அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்றார். மாவுப்பூச்சி. எங்கள் களத்தில் அதற்கென்றே ஓர் அருமையான இழை உண்டு. 2014இல் யாரோ தொடங்கியது. முதல் இருபது பதில்கள் எதை அடிப்பது, எத்தனை மில்லி கலப்பது என்பதைப் பற்றித்தான். அப்புறம் ஒருவர் வந்து, செடியில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள் என்பார். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் இருக்கும், அதைத் தின்ன வரும் பொறிவண்டை அண்டவிடாது, எறும்பை நிறுத்தாமல் பூச்சியை நிறுத்த முடியாது என்று பொறுமையாக விளக்கியிருப்பார். தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை வைப்பது வரைக்கும் எழுதியிருப்பார். அந்த மனிதர் களத்துக்கு வருவதை நிறுத்திப் பல வருடமாகிறது. அவர் எழுதியது மட்டும் இன்னும் யாராவது ஒருவருடைய செடியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சுட்டியை அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். முன்பெல்லாம் தட்டினால் நேரே இழை திறக்கும். இந்த முறை இரண்டு பதில்களோடு நின்றுவிட்டது. மீதியைப் படிக்க செயலிக்கு வாருங்கள் என்று ஒரு பலகை. அதைத் தட்டினால் பிளே ஸ்டோர். நிறுவப் போனால் செல்பேசியில் இடமில்லை. பேரன் படங்களை அழிக்க அக்காவுக்கு மனமில்லை. மருமகள் வந்து வேறு எதையோ நீக்கி நிறுவிக் கொடுத்தாள். அது செல்பேசி எண்ணைக் கேட்டது, ஓடிபி கேட்டது, பயனர்பெயர் கேட்டது, கடைசியில் களத்தின் முகப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. படிக்க வந்த இழை எங்கே போனதென்று தெரியவில்லை. "நீயே சொல்லிடு" என்று அக்கா மறுபடி கூப்பிட்டார். சொன்னேன். ஆனால் எனக்கு நினைவிருந்தது அந்த ஒரு பதில்தான். அவரே படித்திருந்தால் அதற்குக் கீழே இருப்பதையும் படித்திருப்பார். முப்பது வருடமாகச் செம்பருத்தி வளர்க்கிறவர், தனக்குத் தெரிந்ததையும் இரண்டு வரி எழுதியிருப்பார்.

கேள்வி கேட்பவர் ஒருவர், பதில் சொல்பவர்கள் பத்துப் பேர். பேசாமல் வந்து படித்துவிட்டுப் போகிறவர்களோ எத்தனையோ மடங்கு. அவர்களுக்கு உங்கள் களத்தின் பெயர்கூடத் தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்கு "செம்பருத்தி வெள்ளைப் பூச்சி" என்று தேடுபொறியில் எழுதி, கிடைத்த சுட்டி வழியாக வருகிறார்கள். செயலிக்குள் மட்டும் இருக்கிற பேச்சைத் தேடுபொறியால் எட்டிப் பார்க்க முடியாது. கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிடும், சரி. நாளைக்கு அதே கேள்வியோடு வருகிறவர் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அதே பதிலை எத்தனை தடவைதான் சொல்வது என்று உங்கள் மூத்த உறுப்பினர்கள் அலுத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் வாசிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் சொற்கள் வேற்றுமை உருபை ஒட்டிக்கொண்டு வருபவை. ஒருவர் "மாவுப்பூச்சி" என்று எழுதுவார், இன்னொருவர் "மாவுப்பூச்சிக்கு" என்றும் "மாவுப்பூச்சியால்" என்றும் எழுதுவார். முழுச் சொல்லாகப் பொருந்தினால்தான் காட்டுவேன் என்கிற தேடல் பெட்டி இதில் பாதியைத் தவறவிடும். உலாவியின் பக்கத்துக்குள் தேடும் வசதி எழுத்துக்களைத்தான் பார்க்கிறது. "மாவுப்பூச்சி" என்று தட்டினால் உருபு ஒட்டிய எல்லாமும் மஞ்சளில் தெரியும். "மரம்" என்று தேடினால் "மரத்தில்" சிக்காது, "மர" என்று தட்ட வேண்டும், அது பழகிவிடும். எண்பது பதில் உள்ள இழையில் வேண்டியதைப் பத்து நொடியில் எடுக்க எனக்கு இதைவிட நல்ல வழி தெரியாது. செயலிகள் பலவற்றில் இந்த வசதி இல்லை. ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுக்கக்கூட விடாதவை உண்டு. விளைவு, எல்லோரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். படமாகிவிட்ட தமிழை அப்புறம் யார் தேடி எடுப்பது?

பார்வையற்ற என் தோழி ஒருவர் பள்ளி ஆசிரியை. கணினியில் என்விடிஏ என்கிற இலவசத் திரைவாசிப்பானை வைத்து வாசிக்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒழுங்காகத் தலைப்புக் குறி போட்ட இணையப்பக்கம் என்றால், ஒரே விசையை அழுத்தி அழுத்தி அடுத்தடுத்த பதிலுக்குத் தாவிவிடுவார். நான் கண்ணால் படிப்பதைவிட வேகம். அதே களத்தின் செயலியைத் திறந்தபோது, பெயரிடப்படாத பொத்தான்களை அவருடைய செல்பேசி "பட்டன், பட்டன், பட்டன்" என்று வாசித்துக்கொண்டே போனது. எது பதில் எழுதுவதற்கு, எது புகார் செய்வதற்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? செயலியையும் சரியாகச் செய்யலாம்தான். ஆனால் உலாவியில் அவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன: எழுத்தின் அளவை, நிறத்தை, வாசிக்கும் முறையை அவரே மாற்றிக்கொள்ளலாம். செயலியில், நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.

2023இல் ரெடிட் என்ற பெரிய கலந்துரையாடல் தளத்தில் நடந்ததை உங்களில் பலர் கவனித்திருப்பீர்கள். அந்தத் தளத்தை வாசிக்க வெளியார் உருவாக்கிய செயலிகள் பல இருந்தன. கிறிஸ்டியன் செலிக் என்ற கனடாக்காரர் செய்த அப்போலோ அவற்றில் ஒன்று. தளத்தின் தரவை எடுக்க ரெடிட் புதிதாகக் கட்டணம் அறிவித்தபோது, தன் செயலிக்கு அது வருடத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரும் என்று அவர் கணக்குச் சொன்னார். ஜூன் 12 முதல் ஆயிரக்கணக்கான குழுக்கள் எதிர்ப்பாகத் தங்கள் கதவைப் பூட்டின. பார்வையற்றவர்களின் குழுவும் அதில் இருந்தது, ஏனென்றால் ரெடிட்டின் சொந்தச் செயலியைவிட வெளியார் செயலிகள்தான் அவர்களுக்குக் கைகொடுத்தன. பிறகு லாபநோக்கற்ற அணுகல்தன்மைச் செயலிகள் சிலவற்றுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அப்போலோ ஜூன் 30 அன்று மூடப்பட்டது.

அந்த நாட்களில் என் மனதில் தைத்தது வேறு. குழுக்கள் பூட்டியிருந்தபோது, தேடுபொறி காட்டிய சுட்டிகளைத் தட்டியவர்கள் எல்லாம் பூட்டிய கதவில் மோதி நின்றார்கள். மடிக்கணினி பழுது, மருந்தின் பக்கவிளைவு, குழாய் ஒழுகல் என்று அன்றாடத்துக்கு வேண்டிய எவ்வளவோ பதில்கள் அந்த இழைகளில் கிடந்தன என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அது போராட்டத்துக்காகச் சில நாள் பூட்டியது. செயலிக்குள் மட்டும் களத்தை நடத்துவது அதே கதவை நிரந்தரமாகப் பூட்டுவது.

நாம் ஏற்கெனவே ஒருமுறை இழந்தவர்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று யாஹூ நடத்திய மின்மடல் குழுமங்களில் எத்தனை இரவு விழித்திருந்து தமிழ் எழுதினார்கள்! யூனிகோடு பரவுவதற்கு முன், திஸ்கி எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொண்டு எழுதியவர்கள் பலர். 2019 அக்டோபரில், குழுமங்களில் சேர்ந்திருப்பதை நீக்கப்போவதாக யாஹூ அறிவித்தது. டிசம்பரில் குழுமப் பக்கங்களிலிருந்த பழைய மடல்களும் கோப்புகளும் நீக்கப்பட்டன. 2020 டிசம்பரில் மிச்சமிருந்த மடல் சேவையும் நின்றது. உலகெங்கும் ஆர்வலர்கள் ஓடி ஓடிச் சேமித்தார்கள். உலாவியில் திறக்கிற பக்கங்களாக இருந்ததால்தான் அந்த அளவாவது முடிந்தது. செயலிக்குள் இருக்கிற பேச்சை, பழைய இணையப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் இயந்திரம் வந்து எடுத்துவைக்க முடியாது. உங்கள் வழங்கி (சர்வர்) நின்றுபோகிற நாளில் எல்லாமும் அதோடு போகும்.

உங்கள் பக்கத்திலிருந்தும் யோசித்துப் பார்த்தேன். உலாவியில் விளம்பரத் தடுப்பான் இருக்கிறது, வருமானம் குறைகிறது. செயலி வைத்திருப்பவர் அறிவிப்பைப் பார்த்துத் தினமும் வருகிறார். இணையதளம், ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று மூன்றையும் பராமரிக்க ஆளில்லை. நியாயம்தான். ஆனால் மூன்றில் எதைக் கைவிடுவது என்று வந்தால், தளத்தையா கைவிடுவது? பழைய ஆண்ட்ராய்டு பதிப்பை மனதில் வைத்து எழுதிய செயலியைப் புதுப்பிக்காமல் விட்டால், புது செல்பேசி வாங்குகிறவருக்கு பிளே ஸ்டோர் அதைக் காட்டாது. செயலி எழுதிக் கொடுத்த தன்னார்வலர் வேலை மாறிப் போய்விட்டால், இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் களத்துக்குப் புதிதாக யாரும் நுழைய முடியாது. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுதிய முதல் இணையதளத்தின் பிரதியோ இன்றைய செல்பேசியின் உலாவியிலும் ஒரு குறையுமில்லாமல் திறக்கிறது.

அறிவிப்புதான் காரணம் என்றால் அதற்கும் வழி வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு குரோமில் 2015இலிருந்தே இணையதளங்கள் அறிவிப்பு அனுப்ப முடிகிறது. ஐபோனிலும் 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4இலிருந்து, முகப்புத் திரையில் சேர்த்துவைத்த தளம் அறிவிப்பு அனுப்பலாம். டிஸ்கோர்ஸ் போன்ற, களம் நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள் இதையெல்லாம் கையோடு கொண்டுவருகிறது. ஒரே தளம், செல்பேசியில் செயலிபோல நடந்துகொள்ளும், கணினியில் பக்கமாகவே இருக்கும். இதைத் தீர விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்படியும் செயலிதான் என்று தீர்மானித்துவிட்டீர்களா? சரி. புதிய உரையாடல் எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும். பழைய இழைகளை மட்டும், எழுத முடியாமல் வாசிக்க மட்டும் என்று வைத்தாவது, அதே முகவரிகளில் விட்டுவையுங்கள். முகவரி மாறினால் பத்து வருடமாக வாட்ஸப்பிலும் வலைப்பூக்களிலும் பிறர் கொடுத்துவைத்த சுட்டிகள் ஒரே நாளில் செத்துப்போகும். எழுத்தும் படமும் மட்டும் உள்ள நிலைப்பக்கங்களாக மாற்றிவைத்தால் இடமும் செலவும் அதிகம் பிடிக்காது. தனிப்பட்ட விவரமுள்ள பதிவுகளையும், எழுதியவர் நீக்கச் சொன்னவற்றையும் எடுத்துவிடுங்கள். அது அவர்கள் உரிமை. வாசிக்க வருகிறவரிடம் செல்பேசி எண் கேட்காதீர்கள். செயலியைப் பரிந்துரைக்கும் பலகையை வையுங்கள், ஆனால் மூடிவிட்டுத் தொடர்ந்து படிக்கும்படி வையுங்கள். தோழியைப் போன்ற ஒருவரிடம் ஒரு மணிநேரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வெளியிடுங்கள்.

எங்கள் தோட்டக் களத்தை நடத்துகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். பழைய இழைகளைப் பிரித்து, தலைப்புச் சரிசெய்து, எதை நிலைப்பக்கமாக்குவது என்று பார்க்க ஆள் வேண்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்கள் எனக்கு ஒழிவுதான். அந்த மாவுப்பூச்சி இழையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அக்காவும் தன் பங்குக்கு அதில் எழுத வேண்டியதை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறார். அது என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு நெடுநாள் வாசகி