செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மூலப்பொருள் கொள்முதலும் நம் தொழிலின் நிலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பகுதிகளிலிருந்து பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் பம்ப், மோட்டார் உற்பத்தியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கத்தின் செயல்பாடுகளைத் தங்கள் முன் வைக்கிறேன். செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடைபெற்றன. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே, ஆண்டு முழுவதும் நம் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த ஒரு பொருளுக்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். வார்ப்புப் பாகங்களான காஸ்டிங்கும், மோட்டாருக்கான தகடுகளான ஸ்டாம்பிங்கும், மோட்டாரில் சுற்றும் தாமிரக் கம்பியான வைண்டிங் ஒயரும் பட்டறைக்கு வந்து சேர்வது முதல், விற்ற பம்பிற்கான பணம் கைக்கு வருவது வரை உள்ள நெடுந்தொடரை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதே அது.

லண்டன் உலோகச் சந்தையில் தாமிரத்தின் விலை 2024 ஏப்ரல் இறுதியில் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டி, மே 20 அன்று 11,000 டாலருக்கும் மேலே சென்று, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. பழைய விலைப்பட்டியலில் ஒப்புக்கொண்ட ஆர்டர்களைப் புதிய விலை ஒயரில் முடித்துக் கொடுக்க வேண்டிய நிலை நம்மில் பலருக்கு ஏற்பட்டது. விலை இன்னும் ஏறும் என்று அஞ்சித் தேவைக்கு மேல் வாங்கியவர்கள் வேறு விதத்தில் பாதிக்கப்பட்டனர். ஆகஸ்ட் தொடக்கத்தில் தாமிரம் 9,000 டாலருக்கும் கீழே இறங்கியபோது, உச்ச விலையில் வாங்கிய ஒயர் அவர்களிடம் தேங்கி நின்றது. உலகச் சந்தையின் விலை நம் கையில் இல்லை. எப்போது, எவ்வளவு வாங்குவது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இவ்வாறு அச்சத்தால் செய்யும் கொள்முதல் ஒரு பட்டறையோடு நிற்பதில்லை. ஹாவ் லீ, வி. பத்மநாபன், சியுங்ஜின் வாங் ஆகிய மூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ப்ராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் டயப்பர் விற்பனையை எடுத்துக்காட்டினர். கடைகளில் விற்பனை ஏறக்குறைய சீராகவே இருக்க, விநியோகஸ்தர்கள் கொடுத்த ஆர்டர்கள் அதைவிட ஏறி இறங்கின. நிறுவனம் தனக்கு மூலப்பொருள் தருவோருக்குக் கொடுத்த ஆர்டர்களின் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகமாக இருந்தது. கோடைப் பருவத்தில் நமக்கு நேர்வதும் இதுவே. கிணற்றில் நீர் இறங்குகிறது என்றதும் டீலர் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்கிறார். நாம் அதற்கு மேல் ஒரு பங்கு சேர்த்து, காஸ்டிங் வார்த்துத் தரும் ஃபவுண்டரியிடம் சொல்கிறோம். ஃபவுண்டரிக்காரர் தம் மூலப்பொருளான பிக் அயர்ன் இரும்புக்கு அதையும் தாண்டி முன்பணம் கட்டுகிறார். மழை முந்தி வந்துவிட்டால் டீலர் ஆர்டரை நிறுத்திவிடுகிறார். எந்திரத்தில் ஏற்றாத பம்ப் பாடிகள் அடுத்த பருவம் வரை நம் முற்றத்தில் கிடக்கின்றன.

இதன் விலையைச் செயற்குழுவில் ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். ஆண்டு விற்றுமுதல் 3 கோடியே 65 லட்சம் ரூபாய் என்றால் நாளொன்றுக்கு ஒரு லட்சம். சரக்கு 60 நாள் தேங்கி, டீலர் பணம் 75 நாளில் வந்து, நாம் சப்ளையருக்கு 30 நாளில் கொடுத்தால், 105 நாள் பணம், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 5 லட்சம் ரூபாய், தொழிலுக்குள் முடங்குகிறது. 11 விழுக்காடு வட்டியில் இதற்கு ஆண்டுக்கு 11 லட்சத்து 55 ஆயிரம் ரூபாய் போகிறது. புது எந்திரம் எதுவும் வாங்காமல் இந்த 105 நாளை 85 நாளாகக் குறைத்தாலே 2 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் மிஞ்சும். லாப விகிதம் மெலிந்துள்ள நம் தொழிலில் இது சிறு தொகையன்று.

பணம் வரும் வழி குறித்துச் சட்டம் நமக்குத் துணையாகவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையேல் 15 நாள் என்பதே கெடு. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு, குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, அது உண்மையில் செலுத்தப்படும் ஆண்டில் மட்டுமே வாங்குபவர் செலவாகக் கழிக்க முடியும் என்கிறது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31-க்குள் சிறு நிறுவனங்களின் பில்களுக்கு முன்கூட்டியே பணம் கிடைக்கச் செய்யும் டிரெட்ஸ் என்ற மின்னணுத் தளத்தில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிக்கை வந்தது. முன்பு இவ்வரம்பு 500 கோடியாக இருந்தது. பெரிய நிறுவனங்களுக்கு உதிரிபாகம் தரும் உறுப்பினர்கள், அவர்கள் ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே வங்கிகளிடம் ஒரு கழிவுக்குக் கொடுத்து முன்கூட்டியே பணம் பெறலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இதற்கு அவசியம். இதே கெடு நமக்குச் சரக்கு தரும் ஃபவுண்டரிக்கும், ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறைக்கும் உரியது என்பதை உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பணத்தை இழுத்தடித்தால், பருவம் சூடுபிடிக்கும் நேரத்தில் நம் வேலை அவர்களிடம் கடைசி வரிசைக்குப் போய்விடும்.

ஏற்றுமதி செய்யும் உறுப்பினர்களுக்கு, செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படும் சிக்கல் இவ்வாண்டும் நீடித்தது. கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றதால் ஐரோப்பாவுக்கான பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது. கோக்கை எரித்து இரும்பை உருக்கும் கியூபோலா உலை வைத்திருப்போரை, 2025 ஜனவரி முதல் குறைந்த சாம்பல் கோக் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட அளவுக் கட்டுப்பாடு கவலைக்குள்ளாக்கியது.

மேற்கண்டவற்றை ஆராய்ந்த செயற்குழு, வரும் பருவத்திற்கான வைண்டிங் ஒயர், பேரிங், காஸ்டிங் தேவைகளை ஒன்றாகத் தொகுத்து, சப்ளையர்களிடம் மாதவாரி அட்டவணையாகக் கொடுக்க முடிவு செய்துள்ளது. உறுப்பினர்களின் தனி விவரங்கள் சங்க அலுவலகத்திற்கு வெளியே போகா. மொத்த அளவு மட்டுமே பகிரப்படும். டீலரிடம் பெற்ற உறுதியான ஆர்டரையும், தம் ஊகத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்; இரண்டும் கலந்தால் அட்டவணையால் பயனில்லை. படிவங்கள் இன்று வழங்கப்படும். நவம்பர் இறுதிக்குள் அவை அலுவலகம் வந்து சேர வேண்டும் என்ற வேண்டுகோளுடன், இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்