கோட்டம் பார்க்க ரிம்முக்கு நேரே நிற்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வானியல் கட்டுரை பால்வீதியை "முற்றிலும் தட்டையான தட்டு" என்கிறது. ஈஎஸ்ஓ 510-ஜி13 கேலக்ஸியின் ஹப்பிள் படத்துக்குக் கீழே "வளைந்துபோன அபூர்வ கேலக்ஸி" என்று குறிப்பும் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல.

அப்பா அல்சூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஸ்போக் எல்லாம் தெரியும்படி பக்கவாட்டில் நின்று வீலைப் பார்த்தால் கோட்டம் தெரியாது. ரிம்முக்கு நேரே கண்ணை வைத்து வீலைச் சுற்றிவிட வேண்டும். அது இடமும் வலமுமாக ஆடுவது அப்போதுதான் பிடிபடும். கேலக்ஸிகளும் அப்படித்தான். பத்திரிகைகளில் வருவதெல்லாம் சுருள் கைகளை விரித்து நம்மைப் பார்த்து நிற்கும் கேலக்ஸிகள். அழகுதான், ஆனால் தட்டின் தடிமனோ கோட்டமோ அந்தப் படங்களில் தெரிவதில்லை.

என்ஜிசி 5907 என்ற கேலக்ஸி, ரிம்முக்கு நேரே கண்ணை வைத்த மாதிரி, விளிம்பு மட்டும் தெரியும்படி கிடக்கிறது. சாதாரணப் படத்தில் ஊசி மாதிரி ஏறக்குறைய நேராக இருக்கும். 1976இல் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கியில், ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 21 செ.மீ. அலையில் பார்த்தபோது வேறு உருவம் தெரிந்தது. விண்மீன்கள் முடிகிற இடத்துக்கு அப்பாலும் வாயு நீண்டு, ஒரு முனை மேலேறியும் மறுமுனை கீழிறங்கியும் கிடந்தது. இப்படி ஹைட்ரஜனில் அளந்து பார்த்த தட்டுக் கேலக்ஸிகளில் பாதிக்காவது கோட்டம் உண்டு. ஈஎஸ்ஓ 510-ஜி13இல் அது மிக அதிகம், அவ்வளவுதான்.

நம் பால்வீதிக்கும் கோட்டம் இருப்பது 1957லேயே ஹைட்ரஜன் அலைகளால் தெரிந்துவிட்டது. 2019இல் செஃபீட் என்ற, ஒளி சீராகக் கூடிக் குறையும் விண்மீன்களின் தூரத்தை அளந்து இரண்டு குழுக்கள் அதைப் படமாகவே வரைந்து காட்டின. நாம் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம். கோட்டம் பெரிதாவது நமக்கும் வெளியேதான்.

ஏன் வெளியே மட்டும்? விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் உட்பகுதியை அதன் சொந்த ஈர்ப்பே விறைப்பாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஓரத்தில் சரக்கு குறைவு, பிடிப்பும் குறைவு. பக்கத்துச் சிறு கேலக்ஸி இழுத்தாலும், வெளியிலிருந்து வாயு சாய்வாக வந்து விழுந்தாலும் வளைவது ஓரம்தான். எல்லாக் கோட்டத்துக்கும் ஒரே காரணம் என்று இன்னும் யாரும் முடிவு கட்டவில்லை. இந்த உட்பகுதி விறைப்பைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சந்தா ஜோக்கும் ஒருவர். இவ்வளவு பக்கத்தில் நடந்த வேலைக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம்.

அப்புறம் தட்டின் நடுவே இருக்கும் வீக்கம். கட்டுரை அதை உருண்டை என்கிறது. விளிம்புக்கு நேரே பார்க்கும்போது பல கேலக்ஸிகளில் அது உருண்டையாக இருப்பதில்லை, பெட்டி போலவோ பெங்களூரு பசவனகுடியின் பரிஷே திருவிழாவில் குவித்து வைக்கும் கடலைக்காய் போல இடுப்பு ஒடுங்கியோ இருக்கும். மையத்தின் குறுக்கே கிடக்கும் விண்மீன் பட்டை மேலும் கீழும் புடைத்துக்கொள்வதால் வரும் உருவம் அது. பால்வீதியின் நடுவும் அந்த வகைதான்.

அடுத்த இதழில் என்ஜிசி 5907இன் படத்தையும் அதன் ஹைட்ரஜன் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அரைப்பக்கம் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பத்திரிகை இது. ஈஎஸ்ஓ 510-ஜி13 படக்குறிப்பில் "அபூர்வ" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு