முப்பது பிள்ளைகள், இரண்டு மணி நேரம், ஒரு லேண்டர்

அன்பு மகளுக்கு,

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள முப்பது பிள்ளைகளுக்கு விண்வெளித் துறை வேலைகளை அறிமுகப்படுத்த இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். என்னென்ன வேலைகள், எதற்கு என்ன படிக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் கேட்டிருந்தாய். பட்டியலை நான் அனுப்பவில்லை, கண்ணு. பதினொரு வயதுப் பிள்ளையிடம் 'கட்டமைப்புப் பொறியாளர்' என்று சொன்னால் அது காதோடு போய்விடும். அந்த வேலையில் ஒரு துளியைக் கையால் செய்து பார்த்த பிறகு பெயரைச் சொன்னால் மனதில் நிற்கும். முதலில் வேலை, பிறகு பெயர். நேரம் குறைந்தாலும் இந்த வரிசையை மட்டும் மாற்றாதே.

உள்ளே போனதும், "விண்வெளித் துறையில் யாரெல்லாம் வேலை செய்கிறார்கள்?" என்று கேள். விண்வெளி வீரர் என்ற பதில்தான் முதலில் வரும். அதை மறுக்க வேண்டாம், ஒரு கணக்கு மட்டும் சொல். 1969 முதல் 1972 வரை நிலவில் நடந்தவர்கள் 12 பேர். அப்பல்லோ திட்டத்துக்கு உழைத்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். அந்த 12 பேரின் உடையைத் தைத்தவர்கள் தையல் தொழில் தெரிந்த பெண்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுகூடத் தையல் விலக அனுமதி இல்லை. கலத்தின் கணினிக்கான நினைவகத்தில் கம்பியைக் கோத்து நெய்தவர்களும் பெண்களே. மற்றப் பேச்செல்லாம் கடைசியில் இருக்கட்டும்.

அடுத்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு கூடைப்பந்தும் ஒரு டென்னிஸ் பந்தும் போதும். கூடைப்பந்து 24 சென்டிமீட்டர் குறுக்களவு, அதுதான் பூமி என்றால் டென்னிஸ் பந்து கிட்டத்தட்டச் சரியான அளவில் நிலா. "நிலாவை எங்கே வைக்கலாம்?" என்று ஒரு பிள்ளையிடம் பந்தைக் கொடு. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் வைப்பார்கள். உண்மையில் ஏழு மீட்டருக்கும் சற்று அதிகம், அறையின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையமோ கூடைப்பந்தின் தோலிலிருந்து ஏழரை மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. செவ்வாய் மிக அருகில் வரும்போதும் ஒரு கிலோமீட்டர் தூரம். 'அவ்வளவு தூரம் போன ஒன்றோடு எப்படிப் பேசுவது, எப்படி இறக்குவது?' என்ற கேள்வி அதன் பிறகு அவர்களிடமிருந்தே வரும்.

இப்போது லேண்டர், அதாவது வேறொரு கோளிலோ நிலவிலோ தரையிறங்கும் கலம். உன் நேரத்தில் பெரும்பங்கு இதற்குத்தான்.

ஐந்து ஐந்து பேராக ஆறு குழு. திட்டத் தலைவர் ஒருவர், பாராசூட்டுக்கு ஒருவர், உடல்பகுதிக்கு ஒருவர், எடைக் கணக்குக்கு ஒருவர், சோதனைக் குறிப்புக்கு ஒருவர். ஒவ்வொரு குழுவுக்கும் பக்கத்துக்கு 70 சென்டிமீட்டர் உள்ள சதுரமான மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்று, 85 சென்டிமீட்டர் நூல் எட்டு, காகிதக் கோப்பை ஒன்று, ஏ4 தாள் இரண்டு, உறிஞ்சுகுழல் பத்து, ரப்பர் பேண்ட் நான்கு, ஒட்டும் டேப் அரை மீட்டர். சுமக்க வேண்டிய சரக்கு ஒரு பச்சை முட்டை. உடைந்தால் சிந்தாமலிருக்க அதைச் சிறு கவரில் போட்டுக் கட்டிக் கொடு. முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முட்டையைச் சேர்க்காமல் மொத்த எடை 60 கிராமைத் தாண்டக் கூடாது. ஒரு கிராம் வரை காட்டும் தராசு மேசையில் இருக்கட்டும், தாண்டினால் எதையாவது கழற்றிவிட்டு வரச் சொல். கெஞ்சுவார்கள், இளகிவிடாதே. அந்த ஒரு கட்டுப்பாடு இல்லையென்றால் இது கைவினைப் பயிற்சியாகிவிடும்.

ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து பெரியவர் ஒருவர் போட வேண்டும், பிள்ளைகளை விளிம்புக்கு வர விடாதே. பாராசூட் இல்லாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர். முட்டையோடு 115 கிராம் எடை, 35 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பாராசூட் என்றால் ஏறத்தாழ ஐந்து. 70 சென்டிமீட்டர் என்றால் இரண்டரை. வேகத்தைப் பாதியாக்க விட்டத்தை இரட்டிப்பாக்க வேண்டும், அப்போது தாளின் எடை நான்கு மடங்காகும், பெரிய பாராசூட் விரியவும் உயரம் அதிகம் வேண்டும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டும் என்பதை இந்தக் கணக்கில் அவர்களே கண்டுபிடிப்பார்கள். விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதே.

எங்கே சறுக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வில்லன் நூல். எட்டு நூலில் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் குட்டையாக இருந்தாலும் பாராசூட் சாய்ந்து பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். தாளில் நூல்களைக் கட்டிய பிறகு எல்லா நுனியையும் சேர்த்து இழுத்துப் பிடித்து ஒரே முடிச்சாகப் போட்டால் சரியாகும். நூலின் நீளம் பாராசூட்டின் விட்டத்துக்குக் குறைந்தால் வாய் முழுதாக விரியாது. பாலித்தீனில் டேப்பை மட்டும் ஒட்டினால் விரியும் வேகத்தில் பிய்ந்துவிடும், விளிம்பை மடித்து அதற்குள் நூலை வைத்து ஒட்ட வேண்டும். நடுவில் ஓட்டை இல்லாத பாராசூட் ஊஞ்சல் மாதிரி ஆடும், ஏனென்றால் உள்ளே சிக்கிய காற்று ஒரு விளிம்பு வழியாகவும் பிறகு எதிர் விளிம்பு வழியாகவும் பிதுங்கி வெளியேறும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு உச்சியில் ஓட்டை போட்டால் ஆட்டம் குறையும். தாளைச் சுருட்டிக் கொடுக்கும் குழுவும் இருக்கும். சுருட்டிய பாலித்தீன் தன்னோடு ஒட்டிக்கொண்டு விரியாமலே தரைக்கு வந்துவிடும். உச்சியைப் பிடித்துத் தொங்கவிட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொன்று, எல்லாக் குழுவும் முட்டையைச் சுற்றித்தான் காகிதத்தை அடைப்பார்கள். அடி வருவது கீழிருந்து. மடங்கி நசுங்கும் கால்கள் இருந்தால் அந்த அடியைக் கால் வாங்கிக்கொள்ளும். அப்பல்லோ நிலாக் கலத்தின் கால்களுக்குள் தேன்கூடு வடிவ அலுமினியம் வைத்திருந்தது நசுங்குவதற்காகவேதான். உறிஞ்சுகுழலை மடித்துக் காலாக வைத்த குழு இருந்தால், முட்டை உடைந்தாலும் அவர்களை எல்லார் முன்னாலும் பாராட்டு.

கட்ட 35 நிமிடம், போட்டுப் பார்க்க 15, பழுது பார்க்க 15, மறுபடி போட 10. இரண்டாவது முறை கட்டாயம் வேண்டும். ஒரே முறையோடு நிறுத்தினால் முட்டை உடைந்த பிள்ளை 'எனக்கு இது வராது' என்ற முடிவோடு வீட்டுக்குப் போகும். முதல் முறைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒவ்வொரு குழுவும் மூன்று வரி எழுத வேண்டும்: கண்ணால் பார்த்தது என்ன, காரணம் என்னவாக இருக்கும், எந்த ஒன்றை மாற்றப் போகிறோம். ஒன்றை மட்டும் மாற்றச் சொல். மூன்றை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. பிறகு கால்களை வலுப்படுத்தி, எரிபொருளைக் கூட்டி, இறங்குமிடத்தை அரை கிலோமீட்டர் சதுரத்திலிருந்து நான்குக்கு இரண்டரை கிலோமீட்டர் அளவுக்கு விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. பிள்ளைகள் எழுதும் மூன்று வரியும் அந்த வேலையின் சிறு வடிவம்தான், அதை அவர்களிடம் சொல்.

இரண்டாவது முறைக்கு முன் பொறுப்புகளை மாற்றிவிடு, கண்ணு. கண்டுகொள்ளாமல் விட்டால் கத்தரிக்கோல் பையன்களிடம் போய்விடும், குறிப்பேடு பெண்பிள்ளைகளிடம் வந்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் நடக்கும்.

"நிலவில் பாராசூட் ஏன் இல்லை?" என்று யாராவது கேட்பார்கள். அங்கே பிடித்து நிறுத்தக் காற்று இல்லை. செவ்வாயில் இருக்கும் காற்றின் அழுத்தமோ நம்முடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் 2012-இல் செவ்வாயில் இறங்கிய க்யூரியாசிட்டி ஆய்வு வண்டி பாராசூட்டை விட்டுப் பிரிந்தபோதும் விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் இருந்தது, மீதி வேகத்தை ராக்கெட்டுகள் தணித்தன.

அடுத்த இருபது நிமிடத்துக்கு ரோவர் விளையாட்டு. ரோவர் என்பது வேறு கோளின் தரையில் ஓடும் ஆய்வு வண்டி. ஒரு பிள்ளை ரோவர். மூன்று பேர் கட்டுப்பாட்டு அறை, அவர்கள் ரோவருக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். தரையின் வரைபடம் மட்டும் கையில் இருக்கும். 'முன்னே இத்தனை அடி', 'வலப்பக்கம் திரும்பு', 'இடப்பக்கம் திரும்பு', 'நில்' என்ற நான்கு கட்டளைகளைச் சீட்டில் எழுதி, ரேடியோ அலையாக நிற்கும் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். அது அறையைக் கடந்து மெதுவாக நடக்கும். செவ்வாய்க்கு ஒரு கட்டளை போய்ச் சேர 3 முதல் 22 நிமிடம் ஆகிறது, அதனால் 'நில்' என்ற சீட்டு வருவதற்குள் ரோவர் தடையாக வைத்த நாற்காலியில் இடித்துவிடும். வாய் திறந்து பேசினால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து.

இதில் வேண்டுமென்றே ஒரு குழியை விட்டு வை: 'அடி' என்றால் எவ்வளவு என்று நீ சொல்லாதே. குட்டையான பிள்ளையின் அடி 40 சென்டிமீட்டர், நெட்டையான பிள்ளையுடையது 60. ரோவர் தப்பான இடத்தில் போய் நிற்கும், சண்டை வரும். அந்த நேரத்தில் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரைப் பற்றிச் சொல். 1999 செப்டம்பர் 23 அன்று அது தொலைந்தது. ஒரு மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டு அளவில் தந்தது, வாங்கிய பக்கம் நியூட்டன் என்ற இன்னொரு அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். அலகை எழுதாமல் விட்டதற்குக் கணக்கு ஆசிரியர் ஏன் மதிப்பெண் குறைக்கிறார் என்பது அன்றைக்குப் புரியும்.

கடைசிப் பதினைந்து நிமிடம்தான் வேலைகளின் பெயர்கள், அதுவும் பிள்ளைகளைக் காட்டியே. எடைக்காக எல்லாரோடும் மல்லுக்கட்டியவள் செய்தது, எல்லாப் பகுதியையும் சேர்த்து முழுக் கலமாகப் பார்க்கும் சிஸ்டம்ஸ் பொறியாளர் வேலை. குறிப்பெழுதியவன் சோதனைப் பொறியாளர். சீட்டு எழுதியவர்கள் கலத்தை இயக்கும் குழு. முடிச்சுப் போட்டவர் தொழில்நுட்பர், அவர் கை சரியில்லையென்றால் மற்ற யாருடைய கணக்கும் உதவாது. 'செவ்வாயின் காற்று எங்கே போனது?' என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளை விஞ்ஞானி. பொறியாளர் கவலை வேறு: சராசரியாக மைனஸ் 60 டிகிரி குளிரில் ஒரு கருவியை எப்படி உயிரோடு வைப்பது?

படிப்பைப் பற்றிக் கேட்டால் இந்த வயதில் நுழைவுத் தேர்வுப் பேச்சு வேண்டாம். விகிதம், வரைபடம், அலகு, பார்த்ததைத் தெளிவாக எழுதுவது, ஒரு கருவியைப் பயமில்லாமல் கையாள்வது, இவை போதும். எல்லா வழியும் ஆராய்ச்சிப் பட்டத்தில் தொடங்குவதில்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் முதலில் படித்தது இயந்திரவியல் டிப்ளமோ. பற்றவைப்பவர், கடைசல் வேலை செய்பவர், மின்னணு இணைப்பு வேலை செய்பவர் இல்லாமல் எந்தக் கலமும் கிளம்பாது. காத்திருக்க வேண்டிய துறை என்பதையும் மறைக்காதே. 2023 ஏப்ரலில் ஏவிய ஜூஸ் கலம் வியாழனை அடைவது 2031 ஜூலையில்.

வெளியிலிருந்து யாரையாவது அழைத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதே. பட்டங்களைச் சொல்ல வேண்டாம், கையில் ஒரு பொருளைக் கொண்டுவந்து, நேற்றுக் காலை முதல் மாலை வரை என்ன செய்தார் என்று மட்டும் சொல்லச் சொல். காணொளி மூன்று நிமிடம் போதும்.

நூலை அங்கே போய் வெட்டாதே, நேரம் போய்விடும். 48 வேண்டும், 60 ஆக வெட்டி வை. முட்டை 15. முந்தின நாளே நீயும் ஒரு லேண்டர் கட்டி அதே உயரத்திலிருந்து போட்டுப் பார். உடைந்தால், உடைந்த கோலத்திலேயே கொண்டுபோய் முன்மேசையில் வை. உன் மூன்று வரியையும் பக்கத்தில் எழுதி வை.

அன்புடன்,
அம்மா