கத்திரி வெயிலில் ஒட்டுத்துணி: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நாற்காலி போதாமல் பாயில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் தையல் சங்கத்தின் அறிக்கை இது. வழக்கமாக ஒரே பக்கத்தில் முடித்துவிடுவேன். எத்தனை கூட்டம், எவ்வளவு சந்தா, யார் பாக்கி என்று எழுதிவிட்டு டீ சொல்லப் போய்விடலாம். இந்த வருடமும் அப்படித்தான் எழுதினேன். வாங்கிப் படித்த பொருளாளர், "இதுல கோடைக்காலத்தையே காணோமே?" என்றார். சரிதான். நமக்கு இந்த வருடம் என்பதே அந்த மூன்று மாதம்தான். அதனால் மற்றதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

உறுப்பினர்கள் 26 பேர். மாதக் கூட்டம் பத்து நடந்தது. அக்டோபர் மழையில் ஒன்றும், நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் ஒன்றும் தள்ளிப்போய், பிறகு நடக்கவே இல்லை. ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துப் பொரி கொடுத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கலாம் என்று பேசினோம், வைக்கவில்லை. அவ்வளவுதான்.

இனி கோடை. தேர்தல் நேரம் நமக்கு நல்ல நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். மார்ச்சிலும் ஏப்ரல் முதல் பாதியிலும் கொடி, துண்டு, தோரணம் என்று அறையில் இருந்த எல்லா மிஷினும் ஓடின. எந்தக் கட்சி என்று நாம் கேட்பதில்லை, கறுப்பு நூல் சிவப்பு நூல் மாற்றுவதோடு நம் அரசியல் முடிந்தது. ஏப்ரல் 19-ஆம் தேதி ஓட்டுப்பதிவு. மறுநாள் அறைக்கு வந்தபோது ஒரு மிஷின்கூட ஓடவில்லை. அதற்கு நான்கு நாள் முன்னாலேயே, 15-ஆம் தேதி, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்கள் முட்டையிடும் காலம், தடை வேண்டியதுதான். ஆனால் நம்மில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நம்பி. தையலும் இல்லை, படகும் இல்லை என்றால் சந்தா எப்படி வரும்? ஏப்ரல், மே, ஜூன் சந்தாவை நான் கேட்கவே இல்லை. இதற்குச் செயற்குழு அனுமதி வாங்கவில்லை என்று யாராவது எழுந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மே 4-ஆம் தேதி கத்திரி பிறந்தது. நம் அறைக்கு சிமெண்ட் ஷீட் கூரை. பழைய வண்ணாரப்பேட்டையில் அந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்காது. பதினோரு மணிக்கு மேல் கத்தரிக்கோலைத் தொட்டால் கை சுடும். மதியத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மோட்டார் மிஷின்காரர்கள் வீட்டுக்குப் போய்விட, கால் மிஷின்காரர்கள் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் பெரியம்மா.

ஒட்டுத்துணி விரிப்பு தைக்க நம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். அறிக்கையில் பெயர் போட வேண்டாம் என்றார். "பேர் போட்டா ஆர்டர் வரும், ஆர்டர் வந்தா நீ வந்து தலமாட்டுல நிப்ப" என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய பாட்டி தெலுங்கு பேசுகிறவர். நைந்த துணிகளை அடுக்கித் தைத்த விரிப்புக்கு அந்த வீட்டில் 'பொந்த' என்று பேர். தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் ஒரு பொந்த போய்விடுமாம். அப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். திரு.வி.க.வும் பி.பி.வாடியாவும் முன்னின்று 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். சங்கம் என்றால் எங்கள் பகுதிக்குப் புதுசில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மில் 1996-இல் மூடிவிட்டது. அப்பாவின் காக்கித் துணி மட்டும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பெரியம்மா தைக்கிற ஒவ்வொரு விரிப்பிலும் ஏதாவது ஓர் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்குக் காக்கி இருக்கும். தேடினால்தான் தெரியும்.

அவர் வேலை செய்வதைப் பார்க்காத புது உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். எந்தத் துணி வந்தாலும் முதலில் ஒரு வெள்ளைத் துண்டை நனைத்து அதன்மேல் அழுத்தித் தேய்ப்பார். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணிக்கு உப்புத் தண்ணீர் வாளி. சிவப்புச் சுங்குடியும் கட்டம் போட்ட பழைய கைலியும்தான் பெரும்பாலும் வாளிக்குப் போகும். (நம்ம ஊர்க் கட்டம் போட்ட துணி 1958-இல் அமெரிக்காவுக்குப் போய், சலவையில் சாயம் விட்டு ரகளையானது. கடைசியில் 'சாயம் விடும் மெட்ராஸ்' என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்த வேலய நம்ம கிட்ட காட்டாத, வாளில போடு" என்றார்.)

அளவெடுக்க டேப் எடுக்க மாட்டார். தரையில் துண்டுகளைப் பரப்பி, எழுந்து நின்று பார்ப்பார், ஒன்றை நகர்த்துவார், டீ குடிப்பார், மறுபடி நகர்த்துவார். இரண்டு துண்டைச் சேர்த்துக் கால் அங்குலம் உள்ளே தைத்ததும், பிரித்து வைத்துக் கட்டைவிரல் நகத்தால் மடிப்பை ஒரு இழுப்பு இழுப்பார். இஸ்திரி போட்டதுபோல் படிந்துவிடும். கரண்ட் இல்லாத அந்த மே மாதத்தில் நாங்கள் எல்லோரும் நகத்தால் இழுக்கப் பழகினோம். நடுவில் பஞ்சு வைக்க மாட்டார், மெட்ராஸ் புழுக்கத்துக்குப் பஞ்சு ஆகாது. நைந்த பருத்திப் புடவை இரண்டு மடிப்பு, அடியில் பழைய வேட்டி. அப்புறம் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி, விரல் அகலத்துக்கு ஒரு வரியாகக் கையால் ஓட்டுத்தையல். மொட்டை மாடியில் விரித்துப் படுத்தால் முதுகு சுடாது.

இங்கே ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஊருக்குத் தெற்கே ஒரு கடையிலிருந்து குழந்தை விரிப்புக்கு ஆர்டர் பிடித்து வந்தது நான்தான். இருபது வேண்டும், எல்லாம் ஒரே அளவுச் சதுரம், வெளிர் நிறம் மட்டும், உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. பெரியம்மா முதல் நாளே முடியாது என்றார். "கொயந்தைக்கு வேர்க்குரு வரும்" என்றார், "இதுல எனக்கு இன்னா வேல இருக்குது?" என்றும் கேட்டார். கூட்டத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசினேன், பிடிவாதம் என்றேன். வீட்டில் அரிசி வாங்க வேண்டிய நேரத்தில் கலை எல்லாம் பேச முடியாது என்றேன். கை தூக்கச் சொன்னபோது என் பக்கம் ஜெயித்தது. பன்னிரண்டு தைத்து எடுத்துப்போனோம். மூலை ஒட்டவில்லை என்று ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிவிட்டார்கள். வெளிர் நிறத் துணி வாங்கிய காசு அப்படியே நின்றது. அந்த ஏழில் ஒன்று இப்போது இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது, பார்க்கிறீர்கள். பெரியம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த நாட்களில் அவர் வேறொரு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நனைந்த துணிகள். எண்ணூர்ப் பக்கத்தில் இருக்கும் நம் உறுப்பினர்கள் இரண்டு பேர் வீட்டுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாணப் புடவை, பிள்ளைகளின் யூனிஃபார்ம், எல்லாவற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. தூக்கிப்போட மனம் வராமல் அறையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நான்கு மாதம் யாரும் தொடவில்லை, அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் போக முடியாது. கத்திரி வெயிலை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது, பெரியம்மா அந்த மூட்டையை மாடிக்குத் தூக்கிப்போய்ப் பத்து நாள் காயப்போட்டார். நாற்றம் போய்விட்டது. கறை போகவில்லை. கறையைச் சுற்றிச் சுற்றி வெட்டி, நல்ல இடங்களை மட்டும் எடுத்தார். உள்ளங்கை அளவில் ஒரு குவியல் கிடைத்தது.

மே நடுவில் பெரியப்பாவுக்கு வாதம் வந்தது. காலையில் டீ டம்ளரைப் பிடித்தவர் கை அப்படியே நின்றுவிட்டதாம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பத்தொன்பது நாள் இருந்தார்கள். பெரியம்மா இரண்டு மாற்றுப் புடவையோடு அந்த வெள்ளத் துணிக் குவியலையும் மஞ்சப்பையில் எடுத்துப்போயிருந்தார். வாசலில் செக்யூரிட்டி கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார், திருப்பிக் கேட்டபோது காணோம் என்றார். ஊசியை ஜாக்கெட்டில் குத்தியிருந்ததால் தப்பியது. அதன்பின் நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுத்தார்.

வராந்தாவில் தூணோரம் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்து தைத்தார். நாங்கள் முறை வைத்துப் போனோம், காலையில் இருவர், சாயந்திரம் இருவர். சும்மா பார்த்துவிட்டு வர முடியாது. போனவர்கள் கையில் இரண்டு துண்டைக் கொடுத்துவிடுவார். பஸ்ஸில் திரும்பும்போது மடியில் வைத்துத் தைத்து, அடுத்தவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். ஒவ்வொருவர் தையலும் ஒவ்வொரு மாதிரி. என்னுடையது நீளம் நீளமாக, அவசரமாக இருக்கும். இரண்டாவது முறை போனபோது அதைப் பிரித்துத் திருத்தப் போனேன். "உட்டுடு. நீ வந்து போனது தெரிய வேணாமா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோத்தேன்.

ஓர் உறுப்பினரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் போனில் ஒரு படம் காட்டினாள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஆறு வளைந்து ஓடும் இடத்தில் ஓர் ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக, வயல் வேலையில் நைந்த உடுப்புகளை வெட்டி விரிப்பு தைத்திருக்கிறார்கள். 2002-இல் அவற்றை அருங்காட்சியகச் சுவரில் மாட்டினார்கள், 2006-இல் தபால்தலைகூட வந்தது. பெரியம்மா போனைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இவுங்களும் பேன்ட்டத்தான் கிழிச்சிருக்காங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "கோடு நேரா இல்ல, பாரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இருபது சதுரம் ஆர்டரைப் பற்றித்தான் சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் முதல் வாரத்தில் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். இப்போது தடியூன்றித் தெருமுனைவரை நடக்கிறார். விரிப்பு ஜூலையில்தான் முடிந்தது. ஒன்பது பேர் கை பட்டது. எண்ணூர்க்காரரின் கல்யாணப் புடவைச் சரிகை அதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. கறை உள்ள ஒரே ஒரு துண்டை மட்டும் பெரியம்மா வேண்டுமென்றே நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. காக்கி, கீழே இடது மூலையில். யாரோ விலை கேட்டார்கள், அவர் கொடுக்கவில்லை. பெரியப்பாதான் அதில் படுக்கிறார், தையல் முதுகில் உறுத்துகிறது என்று தினமும் ஒரு புகார்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அந்த மூன்று மாதமும் வரவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, அறை வாடகை மட்டும் போயிற்று. கோடையில் அறையைப் பூட்டிவிட்டு வாடகையை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் பெயர் சொல்லவில்லை. போன வருடம் என்றால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். இந்த வருடம் நான் எதிர்க்கிறேன். வேலை இல்லாத மதியங்களில் அந்த அறைக்கு எட்டுப் பத்துப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஈரப்புடவையை ஜன்னலில் தொங்கவிட்டு, யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை, யாருக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி என்று பேசியபடி தைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு யார் எப்போது போவது என்ற முறையும் அங்கே உட்கார்ந்து போட்டதுதான். பூட்டியிருந்தால் ஆட்டோவுக்குக்கூட ஆள் சேர்ந்திருக்காது. கூரைக்கு மேல் தென்னங்கீற்று பரப்பினால் சூடு குறையும், செலவு அதிகமில்லை. இதைத் தீர்மானமாக வைக்கிறேன், கை தூக்குங்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். பழந்துணி கொண்டுவருகிறவர்கள் துவைத்துக் காயவைத்து, பட்டனையும் ஜிப்பையும் பிரித்துவிட்டுக் கொண்டுவரவும், போன மாதம் ஒரு ஹூக்கில் பட்டு ஊசி ஒடிந்தது. பெரியம்மாவுக்குப் புதுக் கத்தரிக்கோல் வாங்கப் பணம் சேர்க்கிறோம், எட்டு அங்குலம், பித்தளைப் பிடி. உண்டியல் டீக்கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருக்கு இன்னும் தெரியாது, இதை நான் வாசிக்கும்போது யாராவது அவரை வெளியே கூட்டிப்போய்விடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்